பழைய லாரி எந்திரமும் இழந்த குதிரைத் திறனும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

முன்னுரை

மேடேறும் பழைய லாரியைக் கண்டிராதவர் நம்மில் எவரும் இரார். கரும்புகையைக் கக்கிக்கொண்டு அது ஆமைபோல் நகர, பின்னால் பேருந்தில் அமர்ந்து மூக்கைப் பொத்திக்கொள்பவர் பலர். லாரிக்குள் இருப்பவரின் கவலையோ வேறு. டீசல் முள் இறங்குகிறது, நேரம் போகிறது, அடுத்த நடை வாடகை கைநழுவுகிறது. அத்தகைய லாரிகளுள் ஒன்றுதான் எங்கள் வீட்டுக்குச் சோறு போடுவது. அதன் உரிமையாளரும் ஓட்டுநரும் அப்பாவே. வண்டியின் வயது இருபத்தைந்தைத் தாண்டிவிட்டது.

சென்ற கோடை விடுமுறையில் சேலத்திலிருந்து தர்மபுரிப் பக்கம் சரக்கு ஏற்றிச் சென்றபோது, தொப்பூர் கணவாய் மேட்டில் வண்டி மிகவும் திணறியது. பட்டறையில் நிறுத்தியதும், "அண்ணே, பம்புல ஸ்க்ரூவக் கொஞ்சம் தெறந்து உட்டாப் போதுமுங்க, குதிரையாட்டப் போகும்" என்றார் மெக்கானிக். அப்பா என் பக்கம் திரும்பி, "நீ படிக்கறதுல இதுக்கு ஏதாச்சும் இருக்குதாப்பா?" என்று கேட்டார். அன்று என்னால் விடை சொல்ல முடியவில்லை. அந்த விடையைத் தேடிய முயற்சியே இக்கட்டுரை. குறைந்த செலவில் ஒரு பழைய டீசல் எந்திரத்தின் திறனைக் கூட்ட முடியுமா, முடியுமெனில் எவ்வளவு என்பதை நம் பாடத்தில் பயின்ற இயற்பியலைக் கொண்டே காண்போம்.

டீசல் எந்திரத்தின் இயல்பு

ருடால்ஃப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் 1892-இல் தம் எந்திரத்துக்குக் காப்புரிமை கோரினார். 1897-இல் அது வெற்றிகரமாக இயங்கிக் காட்டியது. பெட்ரோல் எந்திரத்தில் காற்றும் எரிபொருளும் கலந்து உள்ளே செல்ல, தீப்பொறி அதைப் பற்ற வைக்கிறது. டீசல் எந்திரத்திலோ காற்று மட்டுமே உருளைக்குள் செல்கிறது. பிஸ்டன் அதை ஏறத்தாழ பதினேழில் ஒரு பங்காக அமுக்குகிறது. அமுக்கத்தால் சூடேறிய காற்றில் எண்ணெய் நுண்துளிகளாகத் தெளிக்கப்பட்டுத் தானே பற்றிக்கொள்கிறது.

இதிலிருந்து ஓர் உண்மை புலப்படும். டர்போ இல்லாத பழைய எந்திரம் ஒரு வீச்சில் உள்ளிழுக்கும் காற்றுக்கு ஓர் எல்லை உண்டு. அதில் முழுமையாக எரியக்கூடிய எண்ணெய்க்கும் எல்லை உண்டு. அடுப்பில் விறகைத் திணித்துவிட்டு ஊதுகுழலை அடைத்துவிட்டால் தீ வளராது, புகைதான் வளரும். எந்திரமும் அதற்கு விலக்கன்று.

ஒரு சிறு கணக்கு

நம் நாட்டுச் சாலைகளில் மிகுதியாக ஓடிய எந்திரங்களுள் டாட்டாவின் 697 ஒன்று. பெயரிலேயே அதன் இலக்கணம் அடங்கியிருக்கிறது: உருளைகள் 6, ஒவ்வொன்றின் உள்விட்டம் 97 மில்லிமீட்டர். வீச்சு நீளம் 128 மில்லிமீட்டர். உருளையின் பருமனைக் கணக்கிட்டால் 946 கன சென்டிமீட்டர். ஆறுக்கும் சேர்த்து 5,675 கன சென்டிமீட்டர், அதாவது 5.675 லிட்டர்.

நான்கு வீச்சு எந்திரம் இரண்டு சுற்றுக்கு ஒருமுறையே காற்றை இழுக்கும். நிமிடத்துக்கு 2,400 சுற்று எனில் 1,200 முறை நிரம்பும். 5.675 லிட்டரை 1,200-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 6,810 லிட்டர், விநாடிக்கு 113.5 லிட்டர். உருளை முழுவதும் நிரம்பாது. 85 விழுக்காடு நிரம்புவதாகக் கொண்டால் 96 லிட்டர். வெயில் நாளில் ஒரு லிட்டர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.1 கிராம். ஆக, விநாடிக்கு 106 கிராம் காற்று கிடைக்கிறது.

ஒரு கிராம் டீசல் எரிய ஏறத்தாழ 14.5 கிராம் காற்று வேண்டும் என்பது வேதியியல் கணக்கு. ஆனால் ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடியில் தெளித்துக் கலக்க வேண்டியிருப்பதால், புகையின்றி எரிய 20 கிராமாவது தேவைப்படும். எனவே விநாடிக்கு 5.3 கிராம் டீசலைத்தான் எரிக்க இயலும். ஒரு கிராம் டீசலின் ஆற்றல் ஏறத்தாழ 43 கிலோ ஜூல். பயனுறுதிறன் 36 விழுக்காடு எனக் கொண்டால் கிடைப்பது 82 கிலோவாட். ஒரு குதிரைத் திறன் 736 வாட். விடை ஏறத்தாழ 110 குதிரைத் திறன்.

இக்கணக்கில் சுற்றெண்ணும் உருளைப் பருமனும் மாறாதவை. காற்றின் நிறை, எரியும் முழுமை, பயனுறுதிறன் ஆகிய மூன்றும் பராமரிப்பைப் பொறுத்து மாறுபவை. பழைய எந்திரம் தன் திறனை இழப்பது இந்த மூன்றின் வழியாகத்தான்.

திருகைத் திறந்தால் என்ன ஆகும்?

எரிபொருள் பம்பில் அதிக அளவு எண்ணெயை வரையறுக்கும் திருகு ஒன்று முத்திரையிடப்பட்டிருக்கும். காற்று போதுமான அளவு இருந்து, பம்பு தேய்ந்து எண்ணெய் குறைந்திருந்தால், அதைச் சோதனை மேடையில் வைத்துச் சரிசெய்வது முறையே. ஆனால் காற்றே குறைந்துள்ள எந்திரத்தில் திருகை மட்டும் திறந்தால், கூடுதல் எண்ணெயின் பெரும்பகுதி எரியாத கரியாகவே வெளியேறும். வெளிப்போக்கு வாயுவின் வெப்பம் உயரும். பிஸ்டனின் தலையும் வால்வும் கருகும். எரியாத எண்ணெய் உருளைச் சுவரைக் கழுவி இறங்கி எஞ்சின் ஆயிலை நீர்க்கச் செய்யும்.

நாங்கள் இதைப் பட்டறிந்தே உணர்ந்தோம். மெக்கானிக்கின் சொற்படி அரைச் சுற்றுத் திறந்து ஓட்டினோம். முதல் நாள் இழுவை சற்றுக் கூடியதாகத் தோன்றியது. பத்து நாளில் டீசல் செலவு கூடிற்று; புகைச் சோதனையில் வண்டி தேறவில்லை. பிஸ்டனும் லைனரும் போயிருந்தால் எங்கள் வண்டி அத்துடன் நின்றிருக்கும். அப்பா மறுபேச்சின்றித் திருகைப் பழைய இடத்துக்குத் திருப்பச் சொன்னார்.

திறன் கசியும் வழிகள்

1. காற்று வடிகட்டி: புழுதிச் சாலையில் ஓடும் வண்டியின் ஏர் பில்ட்டர் அடைபட்டால், காற்றை இழுக்க எந்திரம் போராட வேண்டும். வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 10 மீட்டர் உயர நீர்த்தம்பத்துக்குச் சமம் என்பதை நாம் படித்துள்ளோம். எனவே உறிஞ்சு குழாயில் 10 சென்டிமீட்டர் நீர்த்தம்ப அளவுக்கு அழுத்தம் குறைந்தால் காற்று 1 விழுக்காடு குறையும். 60 சென்டிமீட்டர் குறைந்தால் 6 விழுக்காடு குறையும்.

2. சூடான காற்று: காற்றின் அடர்த்தி தனி வெப்பநிலைக்கு எதிர்விகிதத்தில் மாறும். வெளிக்காற்று 34 டிகிரியாக இருக்க, குழாயின் இணைப்பு விட்டுப்போய் எந்திரத்தின் அருகிலிருந்து 52 டிகிரிக் காற்றை இழுப்பதாகக் கொள்வோம். 307-ஐ 325-ஆல் வகுத்தால் 0.945. அதாவது 5.5 விழுக்காடு காற்று வீணே போகிறது. ஒரு கிளாம்பு வாங்கச் சோம்பியதன் விலை இது.

3. அமுக்கக் குறைவு: 32 டிகிரிக் காற்றைப் பதினேழில் ஒன்றாக அமுக்கினால், சுவர் வழியே இழக்கும் வெப்பத்தையும் கருதி அடுக்கெண் 1.35 எனக் கொண்டு, அது ஏறத்தாழ 550 டிகிரி செல்சியசை அடையும். ரிங்கு தேய்ந்தோ வால்வு சரியாக அமராமலோ பயன்படு அமுக்க விகிதம் 14 ஆகக் குறைந்தால் 495 டிகிரிதான். எண்ணெய் தாமதித்துப் பற்றும். காலையில் வெண்புகை வரும். டேப்பட் இடைவெளியைக் கையேட்டில் உள்ளபடி ஃபீலர் கேஜால் சரிசெய்வது மிக மலிவான வைத்தியம். அமுக்கம் அளந்த பிறகும் குறைவாகவே இருந்தால், மற்றச் செலவுகளை நிறுத்திவிட்டு ரிங்கையும் வால்வையும்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

4. நாசில்: எண்ணெயை மூடுபனிபோல் தெளிக்க வேண்டிய நாசில், தேய்ந்தபின் தாரையாக ஊற்றும். இத்தகைய பழைய எந்திரங்களில் அது திறக்கும் அழுத்தம் பெரும்பாலும் 200 பார் அளவில் இருக்கும். சோதனைக் கருவியில் வைத்துப் பார்த்தால் குறை உடனே தெரியும். அத்தாரையின் முன் விரலை நீட்டுதல் கூடாது. தோலைத் துளைத்து எண்ணெய் உடலுக்குள் புகுந்துவிடும்.

5. தெளிக்கும் வேளை: 2,400 சுற்றில் கிராங்கு ஒரு விநாடியில் 14,400 டிகிரி சுழல்கிறது. பம்பின் ஓட்டும் பாகங்கள் தேய்ந்து வேளை 3 டிகிரி பின்தங்கினால், அது விநாடியில் 4,800-இல் ஒரு பங்குதான். ஆயினும் அதற்குள் பிஸ்டன் இறங்கத் தொடங்கிவிடுவதால், எரிதலின் அழுத்தம் முழுப் பயன் தராமல் வெப்பமாகச் சைலன்சர் வழியே வெளியேறும்.

6. பம்பின் சமநிலை: ஆறு உருளைக்கும் ஒரே அளவு எண்ணெய் செல்ல வேண்டும். ஒன்றுக்கு மிகுதியும் மற்றொன்றுக்குக் குறைவும் சென்றால், ஓர் உருளை புகைக்கும். மற்றொன்று பட்டினி கிடக்கும். இதைச் சோதனை மேடையில் வைத்துத்தான் சீராக்க இயலும். சாலையோரத்தில் செவியால் கேட்டுச் செய்யும் வேலையன்று.

7. வெளிப்போக்கு: நசுங்கிய குழாயும் கரி படிந்த சைலன்சரும் எரிந்த வாயுவை வெளியேற விடா. பழைய வாயு உள்ளே தங்கினால் புதுக் காற்றுக்கு இடமேது?

நீர்க்குழாய் ஆய்வு

ஏழு கசிவுகளில் எங்களுடையது எது? ஊகித்துச் செலவிட எங்களிடம் பணமில்லை. அப்போதுதான் ஆய்வுக்கூடத்து 'யு' வடிவ அழுத்தமானி நினைவுக்கு வந்தது. 120 ரூபாய்க்கு ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாய் வாங்கினேன். ஒரு மீட்டர் பலகையில் 'யு' வடிவில் கட்டி, இரு கையிலும் அரை மீட்டர் உயரத்துக்கு நீர் நிரப்பினேன். ஒரு முனையை, வடிகட்டிக்கும் எந்திரத்துக்கும் இடைப்பட்ட குழாயில் உள்ள சிறு துளையில் பொருத்தினோம். மறுமுனை திறந்திருந்தது. பலகையின் உயரம் குறைவாக இருந்தால் நீர் எந்திரத்துக்குள் உறிஞ்சப்படும். ஆகவே உயரத்தைக் குறைத்தல் ஆகாது.

இங்கே ஒரு வசதி உண்டு. இவ்வகை டீசல் எந்திரத்தின் காற்றுப் பாதையில் பெட்ரோல் எந்திரத்தில் உள்ளது போன்ற தடுப்பு வால்வு இல்லை. ஆகையால் சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரே சுற்றெண்ணில் ஏறக்குறைய ஒரே அளவு காற்றைத்தான் அது இழுக்கும். வண்டியை நிறுத்தி வைத்தே, முழு வேகத்தில் முடுக்கி அளவிட்டுவிடலாம்.

முதல் அளவு 66 சென்டிமீட்டர். புதிய வடிகட்டி போட்டோம். 20-க்கு இறங்கும் என எதிர்பார்த்தோம். இறங்கியது 51 வரைதான். என் கருவியில்தான் பிழை என்று எண்ணினேன். அப்பா குனிந்து, ஓடிக்கொண்டிருந்த எந்திரத்தின் காற்றுக் குழாயைத் தடவிப் பார்த்தார். "ஏப்பா, இங்க கை வெச்சுப் பாரு" என்றார். வடிகட்டியிலிருந்து வரும் ரப்பர் ஓஸ், எந்திரம் வேகம் பிடிக்கும்போதெல்லாம் உள்நோக்கி உறிஞ்சப்பட்டுத் தட்டையாகிக்கொண்டிருந்தது. எந்திரம் நின்றதும் மீண்டும் உருண்டையாகிவிடும். நிற்கும் வண்டியைப் பார்க்கும் எவர் கண்ணுக்கும் அது தெரியாது. ஓஸை மாற்றியதும் அளவு 19 சென்டிமீட்டர்.

காற்றின் வெப்பநிலையை, ஆசிரியரிடம் அனுமதி பெற்று எடுத்துச் சென்ற வெப்பமானியால் அளந்தோம். வெளியே 34 டிகிரி. குழாய் வாயில் 52 டிகிரி. மேலே சொன்ன கணக்கு எங்கள் வண்டியின் கணக்கே. இணைப்பைச் சரிசெய்து வெளிக்காற்றை வரவழைத்தோம். பிறகே நாசில், பம்பு, வேளை ஆகியவற்றுக்குச் சென்றோம். நாசில்களில் இரண்டு ஊற்றிக்கொண்டிருந்தன.

செலவும் பயனும்

எங்கள் செலவு நோட்டில் உள்ளபடி: பிளாஸ்டிக் குழாய் 120 ரூபாய், வடிகட்டி 1,450, ஓஸும் கிளாம்பும் 480, டேப்பட் வேலையும் கேஸ்கட்டும் 900, ஆறு நாசில்களுக்கு 5,400, பம்பு சோதனையும் சீரமைப்பும் 8,500, வேளை வைத்த கூலி 600. ஆக 17,450 ரூபாய்.

பயனை அளக்க ஒரு முறை உண்டு. ஒரே சுமையுடன் ஒரே மேட்டில் முழு முடுக்கத்தில் ஏறும்போது, எதிர்க்கும் விசை ஏறத்தாழ மாறாது. திறன் என்பது விசையும் வேகமும் பெருக்கிய தொகை. எனவே வேகம் கூடிய விகிதமே திறன் கூடிய விகிதம். வேலைக்கு முன், மேட்டில் குறித்துக்கொண்ட ஒரு கிலோமீட்டரைக் கடக்க 2 நிமிடம் 30 விநாடி ஆயிற்று. அதாவது மணிக்கு 24 கிலோமீட்டர். வேலைக்குப் பின் அதே சுமையுடன் 2 நிமிடம் 5 விநாடி, மணிக்கு 28.8 கிலோமீட்டர். ஐந்தில் ஒரு பங்கு கூடுதல்! புகைச் சோதனையிலும் வண்டி தேறியது.

இது ஒரு வண்டியில், முன்பும் பின்பும் இவ்விரண்டு ஓட்டங்களில் கிடைத்த முடிவு. எதிர்க்காற்றும் கியர் மாற்றும் நேரமும் கணக்கில் சிறு பிழையை விளைவிக்கும். எந்த வேலையால் எவ்வளவு கூடியது என்பதையும் இதைக் கொண்டு பிரித்துச் சொல்ல இயலாது. எல்லா வண்டியிலும் இதே அளவு கிடைக்கும் என்று எவரும் கொள்ள வேண்டா.

டர்போ பொருத்தலாமா?

காற்றுதான் எல்லை என்றால், காற்றைத் திணித்தால் என்ன என்று கேட்கலாம். சரியான கேள்வி. சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரெட் பூக்கி 1905-இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். வீணாகும் வெளிப்போக்கு வாயுவால் ஒரு சுழலியைச் சுழற்றி, அதனால் காற்றை அமுக்கி உட்செலுத்துவதே டர்போ. ஆனால் டர்போவுக்கென வடித்த எந்திரத்தில் பிஸ்டன், ரிங்கு, கேஸ்கட்டு, ஆயில் ஓட்டம், ரேடியேட்டர் அனைத்தும் அதற்கேற்ப வலுவாக அமைக்கப்பட்டிருக்கும். தேய்ந்த எந்திரத்தில் டர்போவை மட்டும் மாட்டுவது, நோயாளியின் தலையில் மூட்டையை ஏற்றுவதாகும். கிளச்சும் கியர்பெட்டியும் தாங்க வேண்டும். பிரேக்கும் அதற்கேற்ப இருக்க வேண்டும். மேலும், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. குறைந்த செலவு என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை.

எந்திரத்துக்கு வெளியே உள்ள திறன்

16 டன் மொத்த எடையுள்ள லாரி, முப்பதுக்கு ஒன்று என்ற சரிவில் ஏறுவதாகக் கொள்வோம். புவியீர்ப்பின் எதிர்விசை ஏறத்தாழ 5,230 நியூட்டன். டயரின் உருளும் தடை, எடையில் நூற்றில் ஒரு பங்கு எனக் கொண்டால், 1,570 நியூட்டன். கூட்டினால் 6,800 நியூட்டன். எடை 19 டன் ஆனால் இவ்விரண்டும் 19 விழுக்காடு கூடும். 17,450 ரூபாய் செலவிட்டு நாங்கள் மீட்ட திறனை மூன்று டன் கூடுதல் சுமை விழுங்கிவிடும்! டயரில் காற்று குறைந்தாலும், பிரேக்கு ட்ரம்மில் உரசிக்கொண்டிருந்தாலும் இழப்பே.

இழுவிசையும் திறனும் ஒன்றல்ல என்பதையும் மறத்தலாகாது. பின் அச்சின் பினியனில் 6 பற்களும் கிரவுனில் 37 பற்களும் உள்ள வண்டியில், 6-க்கு 41 பற்கள் கொண்ட இணையை மாட்டினால் இழுவிசை ஏறத்தாழ 11 விழுக்காடு கூடும்; உச்ச வேகம் அதே அளவில் குறையும். எந்திரத்தின் திறன் ஒரு குதிரைகூடக் கூடியிராது. மேட்டு வேலைக்கே ஓடும் வண்டிக்கு இது உதவும். நெடுஞ்சாலை வண்டிக்கு உதவாது.

முடிவுரை

2020 ஏப்ரலிலிருந்து நம் நாட்டில் விற்பனையாகும் புதிய லாரிகள் பாரத் 6 தரத்தைச் சார்ந்தவை. அவற்றில் காற்றையும் எண்ணெயையும் மின்னணுக் கருவியே அளந்து கொடுக்கிறது. பழைய லாரியில் அந்த அளக்கும் வேலையை மனிதன்தான் செய்ய வேண்டும். அளக்காமல் திருகைத் திருப்புபவர் எண்ணெயைப் புகையாக மாற்றுகிறார். அளந்து பார்ப்பவர், வண்டி என்றோ இழந்த திறனைத் திரும்பப் பெறுகிறார். புதுத் திறனை விலைக்கு வாங்குமுன், இழந்த திறன் எங்கே போயிற்று என்று தேடுவதே ஏழை உரிமையாளனுக்கு ஏற்ற வழி.

அப்பா கேட்ட கேள்விக்கு விடை, நாம் முதல் ஆண்டிலேயே செய்துமுடித்த ஒரு சோதனையில் இருந்தது. ஆனால் ஓஸ் உள்ளே ஒட்டுவதைக் கண்டறிந்தது என் கணக்கன்று, அப்பாவின் கைதான். கணக்கும் கையும் சேர்ந்தே அந்த மேட்டை ஏறின. அந்த 'யு' குழாய்ப் பலகை இப்போது ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் தொங்குகிறது. எங்கள் லாரிப் பேட்டையில் இரண்டு பேர் அதை இரவல் கேட்டு வாங்கிச் சென்றுவிட்டுத் திருப்பித் தந்தார்கள்.